வராமல் வாசித்தவள்

தையலம்மா விரிப்பைக் கிழித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு, பிறகு இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. துணி நெடுகப் பிளந்துகொண்டு போயிற்று. நடுவில் நைந்துபோன விரிப்பை அவள் யாரையும் எறிய விடமாட்டாள். இரண்டாகக் கிழித்து, நைந்த நடுப்பக்கத்தை வெளி ஓரத்துக்குத் தள்ளி, கெட்டியாக இருக்கும் ஓரங்களை உள்ளே கொண்டுவந்து மூட்டிவிட்டால் இன்னும் சில காலம் ஓடும். ஆஸ்பத்திரி விரிப்பறையில் பாதி ஆயுசைப் போட்டு அவள் செய்த வேலை இதுதான். படுப்பவர்கள் எல்லோரும் நடுவில்தான் படுக்கிறார்கள். ஓரத்துத் துணிக்கு வேலையே இல்லை.

இன்று வீட்டில் கிழிபடுவது புருஷன் படுத்திருந்த விரிப்பு. அவர் போய் ஒரு வாரம் ஆகிறது. வந்தவர்கள் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டார்கள். இரவல் வாங்கிய நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மிச்சம் இருப்பது மகள் ஒருத்திதான். அவளும் நாளைக் காலை பஸ்ஸில் கிளம்புகிறாள்.

"இதைப் போய் ஏம்மா தைக்கிறே? தூக்கிப் போடு" என்றாள் மகள். ஜன்னலோரக் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல துணி."

"அவர் படுத்த துணி."

"துணி என்ன பண்ணுச்சு பாவம்?"

மகள் மூக்கால் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஏழெட்டு வருஷம் இருக்கும். தையலம்மாவுக்குக் கை நின்றுவிட்டது. இப்போதே சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவசரப்பட்டுச் சொதப்பக் கூடாது. நாளைக் காலை வரை நேரம் இருக்கிறது.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம். 'நீ எழுதினதெல்லாம் நான் படிச்சேன். ஒண்ணு விடாம படிச்சேன்.' அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டால் மகள் இன்னொரு தடவை இந்த வீட்டுக்கு வருவாள் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். சொல்லாவிட்டால் இதுதான் கடைசி.

*

புருஷன் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எப்போது போயிற்று, எப்போது வந்தது, ஏன் தாமதம் என்று கேட்டுக் குறிக்கிற வேலை. அந்த வேலையை அவர் சாயங்காலம் சட்டையோடு கழற்றி மாட்டிவிட்டு வருகிறவர் இல்லை. வீட்டுக்குள்ளும் அதே கேள்விதான். எங்கே போனே? எப்ப வந்தே? நடுவுல எங்க நின்னே? பதில் பிடிக்காவிட்டால் கை நீளும். மறுநாள் அவரே டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார். டீயில் சர்க்கரை சரியாக இருக்கும். அதுதான் அவருடைய மன்னிப்பு.

ஒருநாள் மகள் போலீஸைக் கூப்பிட்டுவிட்டாள். அன்றைக்குத் தையலம்மாவின் புருவம் கிழிந்து ரத்தம் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. வந்த பெண் போலீஸ், "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள். புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அலமாரிக் கதவு இடிச்சிருச்சு" என்றாள் தையலம்மா.

பெண் போலீஸ் மகள் பக்கம் திரும்பி, "உனக்கு வேற வேலை இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தபோது மகளின் செருப்பு வாசலில் இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மகள் பேச்சு எடுக்கக் கூடாது என்று ஆயிற்று. எடுக்காதே என்று யாரும் சொல்லவில்லை. எடுத்தால் என்ன ஆகும் என்று தெரியும், அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில் கேட்டால் "வேலையா வெளியூர்ல இருக்கா" என்பாள் தையலம்மா. எந்த ஊர் என்று அவளுக்கே தெரியாது.

*

தெரிந்தது தையல் மெஷின் ஒன்று மக்கர் பண்ணியதால்.

விரிப்பறைக்கு அடுத்த கதவு சலவைக்கூடத்தின் பாய்லர் அறை. அங்கே வேலை பார்க்கிறவரை எல்லோரும் பாய்லர் அண்ணன் என்பார்கள். ஆவி அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் எழுந்து எங்கும் போக முடியாதவர். அதனால் உலகத்தையே தன் ஸ்டூலுக்கு வரவழைத்துக்கொண்டிருந்தார். அன்று விரிப்பறை மெஷினில் அடிநூல் சிக்கிச் சிக்கி அறுந்தது. கம்பெனி ஆள் வர நாளாகும் என்றார்கள்.

"இரு தங்கச்சி, இதுக்கெல்லாம் எழுதறவங்க இருக்காங்க" என்று போனில் தனக்கு வந்து சேர்ந்திருந்தவற்றைத் துழாவி ஒரு பதிவைத் திறந்து கொடுத்தார் அண்ணன்.

தையல் மெஷின் பழுது பார்ப்பது பற்றி யாரோ நடத்துகிற இணையதளம். தையலம்மா எழுத்துக்கூட்டாத குறையாக மெதுவாகப் படித்தாள். 'மெஷின் கோவிச்சுக்கிட்டா உடனே திருப்புளியை எடுக்காதீங்க. கொஞ்ச நேரம் தனியா விட்டுட்டு டீ குடிச்சிட்டு வாங்க' என்று தொடங்கியிருந்தது. தையலம்மா திரும்ப ஒரு தடவை படித்தாள். அது அவள் சொல்கிற வார்த்தை. வீட்டு மெஷின் நின்று போகும்போதெல்லாம் மகளிடம் சொன்னது. கீழே படம். மெஷின் தலையைத் திறந்து பிடித்திருக்கிற ஒரு கை. கட்டைவிரல் நகத்துக்குக் கீழே பிறைபோல் ஒரு தழும்பு. சின்ன வயதில் ஊசிக்கு அடியில் விரலைக் கொடுத்துவிட்டு அழுத அழுகை தெரு முழுக்கக் கேட்டது.

"என்ன தங்கச்சி, முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. ஆவி."

அண்ணனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "உன் போன்ல வெச்சுப் படிக்கலாம்ல?"

படிக்கலாம். ஆனால் தினமும் சாயங்காலம் புருஷன் போனை வாங்கிப் பார்ப்பார். யார் பேசினார்கள், எந்தப் பக்கத்துக்குப் போனாள், எல்லாம். வண்டி நின்ற ஸ்டாப்பெல்லாம் அதிலே பதிந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

"அப்படின்னா நீ போகவே வேணாம்" என்றார் அண்ணன். "இதுக்குப் பேர் ஃபீட் ரீடர். எனக்குப் பிடிச்ச தளமெல்லாம் இதுல சொல்லி வெச்சிருக்கேன். எவன் எப்ப புதுசா எழுதினாலும் இது போய் எடுத்துட்டு வந்து என் முன்னால வெச்சிரும். நான் யார் வீட்டுக் கதவையும் தட்டறதில்ல. இதோ பாரு, செஸ். இது பழைய ரேடியோ ரிப்பேர். இந்த மனுஷன் தினமும் ஒரு மேகத்தைப் படம் பிடிச்சுப் போடறாரு. அவருக்கும் வேற வேலை இல்ல, எனக்கும் வேற வேலை இல்ல. பொருத்தம் எப்படி?"

"நான் படிக்கிறது அவளுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாது. நீ அங்க போனாத்தானே தெரியும்? போறது இந்த மெஷின்தான்."

புருஷனுக்குத் தெரியாது என்பதுதான் அன்று பெரிய நிம்மதியாக இருந்தது. மகளுக்கும் தெரியாது என்பது அப்போது மனதில் தங்கவில்லை. அண்ணன் அவள் போனில் ஃபீட் ரீடரைப் போட்டு, துணி வெட்டுவது, பொத்தான் துளை போடுவது என்று நாலைந்து தையல் தளங்களைச் சேர்த்து, நடுவில் மகளுடையதை வைத்தார். மேலே 'தையல்' என்று தலைப்பு. புருஷன் அன்று சாயங்காலமே திறந்து பார்த்தார்.

"இது என்ன?"

"தையலுங்க. வேலைக்கு."

"வேலை நேரத்துல படி. வீட்ல எதுக்கு?"

அவர் சொன்னபடியே அவள் வேலை நேரத்தில் படித்தாள்.

*

எல்லோரும் டீக்குப் போன பிறகு, மடித்து வைத்த விரிப்பு அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து திறப்பாள். மகள் தளத்தின் பெயருக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஓர் எண் இருந்தால் புதிதாக எழுதியிருக்கிறாள் என்று அர்த்தம். எண் இல்லாத நாள் டீ கசக்கும். படித்து முடித்ததும் எண் மறைந்துவிடும். மறைவதைப் பார்ப்பதில் ஒரு திருப்தி இருந்தது. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாற்போல.

அப்படியே ஊர் தெரிந்தது. மெஷின் பழுது பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தது தெரிந்தது. கடைக்காரர் கஞ்சன் என்பதும், அவர் மனைவி நல்லவள் என்பதும், தங்கியிருந்த அறையில் குழாய் ஒழுகுவதும், பிறகு வேறு அறை பார்த்ததும் தெரிந்தன. மெஷினைப் பற்றி எழுதிக்கொண்டே வருவாள், போகிற போக்கில் தன்னைப் பற்றி இரண்டு வரி விழும். தையலம்மா அந்த இரண்டு வரிக்காகப் பற்சக்கரம், நெம்புகோல் எல்லாவற்றையும் படித்தாள். இப்போது பக்கத்து வீட்டில் கேட்டால், "நல்லா இருக்கா, வேற ரூம் மாத்திட்டா" என்று வாய் கூசாமல் சொல்ல முடிந்தது. பேச்சுவார்த்தை இருக்கிறது போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். சொல்லப்போனால் அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு பதிவின் அடியிலும் கடையின் போன் நம்பர் இருந்தது. அதற்குக் கீழே, 'உங்க மெஷின் எப்படி இருக்கு? எழுதுங்க' என்று ஒரு வரி.

ஒருமுறை, நூல்கட்டை சுற்றுகிற சின்னச் சக்கரத்தின் ரப்பர் வளையம் வெடித்துப் போனால் என்ன செய்வது என்று எழுதியிருந்தாள். சரியான வளையம் இப்போது கிடைப்பதில்லை. ஊசிமருந்துக் குப்பியின் ரப்பர் மூடி இருக்கிறதே, அதன் நடுத்தண்டை வெட்டி எடுத்துவிட்டால் விளிம்பு கச்சிதமாக உட்காரும். 'ஆஸ்பத்திரியில் தெரிந்தவர்கள் இருந்தால் சுலபம்' என்று முடித்திருந்தாள். வீட்டு மெஷினில் அந்த வளையம் வெடித்துப் பல காலம் ஆகிறது. தையலம்மா கையாலேயே நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். மறுநாள் வார்டு ஆயாவிடம் ஒரு காலிக் குப்பி வாங்கி, மூடியை வெந்நீரில் கழுவி, பிளேடால் வெட்டி மாட்டினாள். சக்கரம் அழகாகச் சுற்றியது. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். சரியாப் போச்சு என்று அவளுக்கு எழுதவில்லை.

*

பிறகு ஒரு மழைக்காலம். பல வாரம் எண்ணே வரவில்லை. வந்தபோது அது மெஷினைப் பற்றி இல்லை.

சின்னப் பதிவுதான். வயிற்றில் கட்டி. உடனே எடுக்க வேண்டும் என்கிறார்கள். கையெழுத்துப் போடச் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று நர்ஸ் கேட்டாள். இல்லை என்று சொன்னேன். கடைக்கார அக்கா போடுகிறேன் என்றார். 'அம்மா இருக்காங்களான்னு கேட்டாங்க. இருக்காங்கன்னு சொல்ல வந்து, இல்லைன்னு சொல்லிட்டேன். இங்கேயும் விரிப்பு நடுவுல மூட்டுத் தையல் போட்டதுதான். முதுகுல உறுத்துது.'

தையலம்மா நின்றாள், உட்கார்ந்தாள், போனை மூடித் திரும்பத் திறந்தாள். பாய்லர் அறைக்குப் போய் அண்ணனிடம் காட்டினாள்.

அவர் படித்துவிட்டு முள்ளைப் பார்த்தார். "கிளம்பு" என்றார்.

"எப்படிண்ணே?"

"பஸ்ஸுலதான். அவரு ஊர்ல இல்லைன்னு நீதானே காலையில சொன்னே?"

உண்மைதான். புருஷன் தன் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தார். அந்த வாரம் போனை வாங்கிப் பார்க்க ஆளில்லை, எங்கே போனே என்று கேட்க ஆளில்லை. தையலம்மா வீட்டுக்கு வந்து பையை எடுத்தாள். மாற்றுத்துணி வைத்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். போய் நின்றால் மகள் முதலில் என்ன கேட்பாள் என்று யோசித்தாள். அலமாரிக் கதவு ஞாபகம் வந்தது. கதவு இடிக்கவில்லை என்று மகளின் ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியிருக்கும். நாளைக்குப் போகலாம் என்று எழுந்து சாப்பிட்டாள். மறுநாள், எழுதியிருக்கிறாளா பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஃபீட் ரீடரைத் திறந்தாள். அதற்கும் மறுநாள் அதையேதான் செய்தாள். வேலைக்கு நடுவே பத்து தடவை திறந்தாள். திறந்து திறந்து பார்த்ததில் ஏதோ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறாற்போல் அலுப்பு வந்தது. அண்ணன் இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கொஞ்ச காலம் கழித்து எண் வந்தது. அடிநூல்கட்டை உட்காரும் பாபின் உறையில் துரு ஏறினால் என்ன செய்வது என்று எழுதியிருந்தாள். தையலம்மா விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எழுதுகிறாள் என்றால் நன்றாக இருக்கிறாள். பையைப் பிரித்துத் துணியை அலமாரியில் வைத்தாள்.

*

போன மாதம் கடைசிப் பதிவு வந்தது. தளத்தை மூடுகிறேன் என்று எழுதியிருந்தாள். 'எந்த ஊர்ல இருந்து எத்தனை பேர் வந்து படிச்சாங்கன்னு எனக்குத் தெரியும். எங்கெங்கேயோ இருந்து வந்தீங்க, நன்றி. ஒரே ஒரு ஊரை நான் தினமும் பார்ப்பேன். அங்கேர்ந்து ஒருத்தர் வந்தாப் போதும்னு இருந்தேன். ஒரு நாள்கூட வரலை.'

தையலம்மா பாய்லர் அறைக்கு ஓடினாள். "நான்தான் தினமும் படிச்சேனேண்ணே!"

"படிச்சே. போகலையே" என்றார் அவர். குற்றம் சொல்கிற குரல் இல்லை. "ரீடர் போய் எடுத்துட்டு வரும்னு சொன்னேன்ல? அவ பார்க்கிற கணக்குல நம்ம ஊரு வராது. நம்ம காலடியே அங்க படலை. என் மேகக்காரருக்கும் நான் ஒருத்தன் இருக்கேன்னு தெரியாது." கொஞ்சம் நிறுத்தி, "போன் நம்பர் இருக்கு. கூப்பிட்டுச் சொல்லு. சந்தோஷப்படும் பொண்ணு" என்றார்.

கூப்பிடுவதாகத்தான் இருந்தாள். அந்த வாரம்தான் புருஷன் டிப்போ நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தவர் நாற்காலியோடு சாய்ந்தார். அதற்குப் பிறகு அவர் படுக்கையிலேயே கிடக்க, விரிப்பு மாற்றுவதும் துவைப்பதும் காய வைப்பதுமாகவே போயிற்று. இறந்த செய்தியை மகளுக்குச் சொன்னது அவருடைய அக்காள். யாரிடமோ கேட்டு நம்பர் வாங்கினாளாம். மகள் வந்தாள், ஓரமாக நின்றாள், அழவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை.

*

கிழித்த துண்டுகளை மூட்டுவதற்குத் தையலம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தள்ளு" என்றாள் மகள். "கையால எவ்வளவு நேரம் குத்திக்கிட்டிருப்பே? மெஷின்ல ஓட்டிடலாம்."

"அது எண்ணெய் போட்டு ரொம்ப நாளாச்சு."

"அதுக்குத்தானே நான் இருக்கேன்."

பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள். திருப்புளிகள், சின்ன எண்ணெய்க் கேன், தூசி தட்டும் தூரிகை. ஜன்னலோரமாக இருந்த மெஷினின் மூடியைத் தூக்கினாள். உள்ளே இருந்த பஞ்சுத் தூசியைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். "எலி வளர்க்கிறியாம்மா இதுல?"

"உன்னை வளர்த்த எனக்கு எலி பெரிசா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். தையலம்மாவுக்கு மனசு இளகிக்கொண்டு வந்தது. இதுதான் நேரம். விரிப்பின் இரண்டு துண்டையும் மடிமேல் வைத்து, மூட்டு வருகிற இடத்தில் கிள்ளிப் பிடித்துக்கொண்டாள். "உன்கிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

மகள் கேட்கவில்லை. அவள் நூல் சுற்றும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் சுற்றினாள். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இதை யாரு போட்டது?"

தையலம்மாவுக்கு அந்த மூடி மறந்தே போயிருந்தது.

"ஊசிமருந்து மூடிம்மா இது. நடுவுல வெட்டியிருக்கு." மகளின் குரல் மெலிந்தது. "இது எந்த ரிப்பேர்காரனுக்கும் தெரியாது. நானாக் கண்டுபிடிச்சது. எழுதினேன்."

"படிச்சேன்" என்றாள் தையலம்மா.

மகள் சக்கரத்தைக் கையில் வைத்தபடியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "நீயா?"

"எல்லாம் படிச்சேன். ஒண்ணு விடாம." சொல்ல ஆரம்பித்ததும் அணை உடைந்தாற்போல் வந்தது. பாய்லர் அண்ணன், ஃபீட் ரீடர், தையல் என்ற தலைப்பு, டீ நேரம், புருஷன் கையில் போன் மாட்டினாலும் கண்டுபிடிக்க முடியாத ஏற்பாடு. "அதனாலதான் உன் கணக்குல எங்க ஊர் வரலையாம். நான் வரலை, ஆனா படிச்சேன். உன் கடைக்காரர் கஞ்சன்தானே? பழைய ரூம்ல குழாய் ஒழுகுச்சுல்ல? ஒரு கல்யாண வீட்டுக்காரங்க மெஷினைத் தலைகீழாத் தூக்கிட்டு வந்தாங்களே..."

"அய்யோ, அதுவா!" மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் முட்டியிருந்தது. "அம்மா, நான் உனக்குத்தான் எழுதினேன். உனக்கு மட்டும்தான். இந்த மெஷினைப் பத்தித்தான் பாதி எழுதினேன், இதே மாடல். வேற எவன் இதை வெச்சிருக்கான் இப்ப?"

"தெரியும்டி."

"கஷ்டம்! ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா நீ?"

"எழுத வராதும்மா எனக்கு."

"வளையம் மாட்டினேன், சுத்துதுன்னு எழுத என்ன வேணும்?" திட்டுகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் கை நீண்டு அம்மாவின் முழங்காலைப் பிடித்திருந்தது. தையலம்மா அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள். தழும்பு வெளுத்துப் போயிருந்தது. அண்ணன் சொன்னது சரி என்று நினைத்துக்கொண்டாள். சந்தோஷப்படும் பொண்ணு.

பிடித்த கை மெதுவாகத் தளர்ந்தது.

"எல்லாமேவா படிச்சே?"

"எல்லாம்."

"அந்த மழைக்காலத்துல எழுதினேனே. அதுவும் வந்துச்சா?"

வரவில்லை என்று சொல்லிவிடலாம். மெஷின்தானே, ஒன்றிரண்டு தவறிப்போகும். மகள் நம்பிவிடுவாள், நம்பத்தான் அவளுக்கும் ஆசை, அது முகத்திலேயே தெரிந்தது. பெண் போலீஸ் கேட்டபோதும் இதே முகத்தோடுதான் நின்றிருந்தாள், ஆனால் அன்றைக்கு அவள் ஆசைப்பட்டது வேறு பதிலுக்கு. தையலம்மா விரிப்பைக் கிள்ளியிருந்த விரலை எடுக்கவில்லை.

"வந்துச்சு" என்றாள்.

"எப்ப படிச்சே?"

"அன்னிக்கேதான். வேலையில இருந்தேன்."

"ஆஸ்பத்திரியில."

"ஆமா."

மகள் தலையை ஆட்டினாள். கையிலிருந்த சக்கரத்தைத் திரும்பவும் பார்த்தாள். எழுந்துபோய் அதை மெஷினில் பொருத்தினாள். திருகாணி ஒன்று கைதவறி உருண்டது, குனிந்து எடுத்தாள். அவள் பேசியபோது குரலில் கோபம் இல்லை. அதைத்தான் தையலம்மாவால் தாங்க முடியவில்லை.

"நீ படிக்கவே இல்லைன்னு இத்தனை நாளும் நினைச்சேம்மா. எங்கம்மாவுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது, தெரிஞ்சிருந்தா வந்திருப்பான்னு. கடைக்கார அக்காகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்." திருகாணியை முடுக்கினாள். "அடியில கடை நம்பர் இருந்துச்சே."

தையலம்மா விரிப்பில் ஒட்டியிருந்த நூல் பிசிறை ஊதித் தள்ளினாள்.

"ஏம்மா வரலை?"

தெருவில் யாரோ பிளாஸ்டிக் குடங்களை அடுக்குகிற சத்தம் கேட்டது. அது நின்றது.

"அப்பா விடலையா?" என்றாள் மகள்.

பதிலை அவளாகவே எடுத்துக் கையில் கொடுக்கிறாள். ஆமாம் என்று ஒரு சொல் போதும். செத்தவர் வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை. வாழ்நாளெல்லாம் எத்தனையோ பழியைச் சுமக்க வேண்டியவர், இதையும் சேர்த்துச் சுமந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த வாரம் அவர் ஊரில் இல்லை. கட்டில்மேல் பை இருந்தது. பஸ்ஸும் இருந்தது.

தையலம்மா குனிந்து மடியில் இருந்த துணியைப் பார்த்தாள். கிள்ளிப் பிடித்த இடத்தில் இரண்டு ஓரமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருந்தன.

மகள் காத்துக்கொண்டு நின்றாள். அவசரப்படுத்தவில்லை. கைக்கு வேலையாக மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு, விட்டுவிட்டுத் துணியால் ஒற்றினாள். சக்கரத்தைக் கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். மெஷின் சத்தமில்லாமல் ஓடியது. மூடியைப் போட்டாள். திருப்புளிகளை டப்பாவில் அடுக்கினாள், பெரியது கீழே, சின்னது மேலே. டப்பாவை மூடிவிட்டு இன்னொரு தடவை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.